ஞாயிறு சந்திப்பு: நவீனக் கட்டடமும் அன்றாடப் பொருளும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வடிவமைப்புக் குழுவின் சந்திப்பு வரும் ஞாயிறு காலை 9.30 மணிக்கு. முதலில் நடை, 11 மணிக்குக் கூடத்தில் பொருள்காட்சி. பகல் 1 மணிக்கு முடியும். உரைகள் நீளாது, அதற்கு நான் பொறுப்பு.

1. நடையில் நவீனக் கட்டடங்கள் மட்டும். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1920களில் நவீனக் கட்டடத்துக்கு வகுத்த ஐந்து கூறுகளை நினைவில் வைத்திருங்கள்: தூண்கள்மேல் உயர்த்திய வீடு, விருப்பப்படி பிரிக்கக்கூடிய உள்தளம், சுமை தாங்காத முகப்பு, நீண்ட கிடைமட்டச் சன்னல், மாடித் தோட்டம். எது உண்மையில் இருக்கிறது, எது ஒப்புக்கு ஒட்டியிருக்கிறது என்று கவனியுங்கள்.

2. தினமும் கைபடும் பொருள் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அலங்காரப் பொருள் வேண்டவே வேண்டாம். 1859இல் வந்த, தோனெட் என்ற மரச்சாமான் நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மரப் பாகங்கள், பத்துத் திருகுகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதே கண்ணோடு உங்கள் குடையையோ கத்தரிக்கோலையோ பாருங்கள். பிடி ஏன் அப்படி வளைகிறது? பழுதானால் கழற்ற முடியுமா?

3. பேச ஆளுக்கு 3 நிமிடம்.

4. குடியிருப்பவர்களைக் கேட்காமல் வீடுகளைப் படம் எடுக்காதீர்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் பொருளையும் இங்கே பதியுங்கள். வெறும் கட்டைவிரல் குறி கணக்கில் சேராது. நாற்காலி அடுக்க இரண்டு பேர் 9 மணிக்கே தேவை, யார் வருகிறீர்கள்?