ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து போட ஆள் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில பி.எஸ்சி இயற்பியல் மூணாவது வருஷம் படிக்கிறேன். கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது பர்மனென்ட் இல்லாத கெஸ்ட் லெக்சரருங்க, வகுப்புக்குப் போகாம போராடுறாங்கன்னு உங்க பேப்பர்ல வந்த செய்தியில "மாணவர்கள் அவதி"ன்னு போட்டிருந்தீங்க. அவதிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அது என்ன அவதின்னு எங்ககிட்ட யாரும் வந்து கேக்கல, அதான் நானே எழுதுறேன்.

எங்க டிபார்ட்மென்ட்ல பர்மனென்ட்னு பாத்தா துறைத் தலைவரான ஹெச்ஓடி மேடம், இன்னொரு சார், அவ்ளோதான். மீதி ஆறு பேரும் கெஸ்ட் லெக்சரர். அந்த ஆறு பேரும் வாசல்ல பந்தல் போட்டு உக்காந்துட்டா காலேஜ் பேருக்குத்தான் திறந்திருக்கும். மேடம் மூணு வருஷத்துப் பசங்களையும் மாத்தி மாத்தி செமினார் ஹால்ல உக்கார வச்சு கிளாஸ் எடுக்குறாங்க, பிளாஸ்க்ல சுடுதண்ணி கொண்டு வந்து குடிச்சுக்கிட்டே பேசுறாங்க, மத்தியானத்துக்குள்ள தொண்டை கட்டிடுது. அதைவிட அவங்களுக்குக் கஷ்டம் என்னன்னா தினமும் யார் வரலன்னு ஆபீஸுக்கு லிஸ்ட் எழுதிக் கொடுக்கணும். அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் மேடம்கிட்டயே பிஎச்.டி பண்ணவங்க. அவங்க பேருக்கு நேரா ஆப்சென்ட்னு எழுதும்போது மேடம் முகத்த எங்களால பாக்க முடியல.

லேப் கதை இன்னும் மோசம். ஒளிய ஆராயுற ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியில பிரிசம் வச்சு திருப்பிக்கிட்டே வந்தா வெளிச்சக் கோடு ஒரு பக்கமா நகர்ந்துக்கிட்டே போகும், ஒரு இடத்துல நின்னுட்டு வந்த வழியே திரும்பும், அந்தத் திரும்புற இடத்தப் பிடிக்கணும். புக்ல நாலு தடவை படிச்சும் எனக்குப் புரியல. சார் பின்னாடி நின்னு "அவசரப்படாத, மெதுவா திருப்பு, இப்ப பாரு, திரும்புதா?"ன்னு சொன்னப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்ப லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ரூமைத் திறந்து சோடியம் லேம்ப் போட்டுக் கொடுக்குறாரு, அவரால அவ்ளோதான் முடியும். நாங்களா ரீடிங் எடுத்தாலும் ரெக்கார்டுல கையெழுத்து போட ஆள் இல்ல. என் நோட்டுல அஞ்சு எக்ஸ்பெரிமென்ட் கையெழுத்து இல்லாம கிடக்கு. ரெக்கார்டு முடிக்காம பிராக்டிகல் எக்ஸாமுக்கு விடமாட்டாங்க. 25 மார்க் இன்டர்னல் வேற இருக்கு, டெஸ்டே வைக்கல, எதைப் பாத்து மார்க் போடுவாங்கன்னு யாருக்கும் தெரியல.

கிளாஸ் நடக்கலன்னு தெரிஞ்சதும் எங்க செட் பசங்க ரெண்டு பேர் கேட்டரிங் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தன் இனிமே வரமாட்டான்னுதான் நினைக்கிறேன். என் பிரண்டு ஒருத்தியோட வீட்டுல "காலேஜ்தான் நடக்கலயே, எதுக்கு தினம் பஸ் ஏறுற, வீட்டுல இரு"ன்னு சொல்லிட்டாங்க. பொண்ணு வீட்டுல இருந்தா அடுத்து என்ன பேச்சு வரும்னு உங்களுக்கே தெரியும். அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழ போனா, அந்தக் குறைவ மன்னிச்சு பரீட்சைக்கு விட கண்டோனேஷன் பீஸ் கட்டணும், அதுக்கும் வீட்டுலதான் கேக்கணும்.

இவ்வளவும் சொன்னாலும் எனக்கு அந்தப் பந்தல்ல உக்காந்திருக்கிறவங்க மேல கோவம் வரல. எங்களுக்கு ஆப்டிக்ஸ் (ஒளியியல்) எடுக்குற கெஸ்ட் லெக்சரர் சார் பிஎச்.டி முடிச்சவரு, 12 வருஷமா இதே காலேஜ்ல பாடம் எடுக்குறாரு. மாசம் 25,000 ரூபா, அதுவும் 11 மாசம்தான். மே மாசம் சம்பளம் கிடையாது, அந்த மாசம் அவர் மச்சானோட நெல் மண்டியில கணக்கு எழுதப் போறாரு, நானே பாத்திருக்கேன், மூட்டை எடை போடுற இடத்துல நோட்டு வச்சுக்கிட்டு நின்னாரு, என்னப் பாத்துட்டு "அரியர் ஏதாவது இருக்கா?"ன்னுதான் முதல்ல கேட்டாரு. அதே பாடத்த எடுக்குற பர்மனென்ட் உதவிப் பேராசிரியருக்கு சேரும்போதே அடிப்படைச் சம்பளம் மட்டும் 57,700. கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும் தரலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019 ஜனவரியிலயே சொல்லியாச்சு. 2024 மார்ச்ல ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) 4,000 உதவிப் பேராசிரியர் வேலைக்கு அறிவிப்பு விட்டப்ப சாரும் பணம் கட்டி அப்ளை பண்ணாரு, ஆகஸ்ட்ல நடக்க வேண்டிய பரீட்சை தள்ளிப் போச்சு. தமிழ்நாடு முழுக்க இந்த மாதிரி 7,000 பேருக்கு மேல இருக்காங்க, அரசுக் கல்லூரி ஓடுறதே இவங்களாலதான்.

"பசங்க படிப்பைப் பணயம் வைக்கிறாங்க"ன்னு சில பேர் பேசுறாங்க. எங்க படிப்பைச் சொல்லி அவங்களத் திட்டாதீங்க, ப்ளீஸ். நேத்து கேட் பக்கம் போகும்போது ஒரு ஜூனியர் பையன் பந்தல்ல போய் டவுட் கேட்டான், சார் கையில இருந்த போராட்ட நோட்டீஸத் திருப்பிப் போட்டு பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டுனாரு, நாங்க அஞ்சாறு பேர் சுத்தி நின்னு கேட்டோம். ஒரு வாரத்துல நாங்க படிச்ச ஒரே ஆப்டிக்ஸ் கிளாஸ் அதுதான்.

அரசாங்கம் அவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசணும், யுஜிசி சொன்ன சம்பளத்த 12 மாசத்துக்கும் கொடுக்கணும், காலி இடத்த நிரப்பும்போது இத்தனை வருஷ அனுபவத்துக்கு மதிப்பு கொடுக்கணும். போராட்டம் முடிஞ்சதும் விட்டுப்போன பாடத்த சனிக்கிழமை வச்சு எடுக்க எங்க சாருங்க ரெடி, நாங்களும் வர ரெடி. பல்கலைக்கழகம் பிராக்டிகல் தேதிய மட்டும் மூணு வாரம் தள்ளி வச்சா போதும், அஞ்சு எக்ஸ்பெரிமென்டையும் முடிச்சு கையெழுத்து வாங்கிடுவோம்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி,
திருவண்ணாமலை மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம்)