சேரும் வழியைப் போல விலகும் வழியும் இருக்கட்டும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு, சென்னையிலிருந்து வணக்கம்.

செயலிகளும் இணையதளங்களும் வாடிக்கையாளரை ஏய்க்கக் கையாளும் 'டார்க் பேட்டர்ன்' உத்திகளில் 13 வகைகளைப் பெயர் சுட்டி, 2023 நவம்பர் 30 அன்று தங்கள் ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், விமானச் சீட்டுடன் காப்பீடு வேண்டாம் என்பவரைக் குத்திக்காட்டுவதும் அதில் இடம்பெற்றுள்ளன. விதியில் குறை சொல்ல அதிகமில்லை. குறையெல்லாம் அதை நடைமுறைப்படுத்தும் விதத்தில்தான்.

2025 ஜூனில், தம் தளங்களில் இத்தகைய உத்திகள் உள்ளனவா என்று மூன்று மாதங்களுக்குள் சுயதணிக்கை செய்துகொள்ளுமாறு மின்வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தினீர்கள். கோயம்பேட்டில் எடைக்கல்லுக்கு முத்திரையிடும் வேலையை நாம் கடைக்காரரிடமே விட்டுவிடுவதில்லையே!

மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் என் பெரியம்மா, முதல் வாரத்துக்கு 1 ரூபாய் என்ற விளம்பரத்தை நம்பி ஒரு செயலியில் சந்தா சேர்ந்தார். அந்த ஒரு ரூபாய்க்காக அவர் யுபிஐ ரகசிய எண்ணைப் பதிவிட்டபோதே, மாதந்தோறும் 299 ரூபாய் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதியும் போய்விட்டது. அந்தத் தொகை வெளிர்சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், பொத்தானுக்குக் கீழே இருந்தது. சந்தா சேர அழைக்கும் பக்கம் முழுவதும் நல்ல தமிழில் இருக்க, சந்தாவை நிறுத்தும் பக்கம் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியது. அங்கேயும் பளிச்சென்று தெரிந்த பொத்தான் சந்தாவைத் தொடர்வதற்கானது. இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

1915 உதவி எண்ணில் புகார் செய்த பிறகு அவருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, அதற்கு நன்றி. ஆனால் அந்தத் திரை இன்றும் அப்படியே இருக்கிறது. புகார் செய்தவருக்கு மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செய்யாதவர்களிடம் தொடர்ந்து வசூலிப்பது அந்நிறுவனத்துக்கு லாபமாகவே இருக்கும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நியாயமற்ற வணிக நடைமுறையை அடியோடு நிறுத்த ஆணையிடும் அதிகாரத்தைத் தங்களுக்கு அளித்திருக்கும்போது, ஒரே திரை குறித்துப் பலர் புகார் செய்தால் அந்தத் திரையையே மாற்றச் சொல்லலாம் அல்லவா?

எனவே, தணிக்கையை நிறுவனங்களுக்கு வெளியே உள்ளவர்களிடம், குறிப்பாக முதியோரையும் ஆங்கிலம் அறியாதோரையும் சோதனையில் அமர்த்துபவர்களிடம், ஒப்படைத்து முடிவுகளை வெளியிட வேண்டும். சந்தா எந்த மொழியில், எத்தனை தொடுதலில் சேர்க்கப்பட்டதோ, அதே மொழியில், அதே அளவு எளிதாக அதிலிருந்து விலக முடிய வேண்டும் என்பதையும் நெறிமுறையில் எழுதிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னை நுகர்வோர் ஒருவர்