499-இல் நிற்கும் கடற்பணி: தகுதிச் சான்று அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

500 ஜிடிக்குக் (மொத்த டன்னேஜ், கப்பலின் அளவைக் காட்டும் எண்) குறைந்த கப்பல்களுக்கான சிஓசியை (கப்பல் அதிகாரியின் தகுதிச் சான்றிதழ்) அடுத்த படிக்கு உயர்த்தக் கேட்ட இன்னொரு விண்ணப்பமும் போன வாரம் திரும்பியிருக்கிறது. காரணம் ஒரே வரி: "டன்னேஜ் போதாது." எத்தனை மாதம் குறைகிறது, எந்தக் கப்பலின் பணி தள்ளப்பட்டது என்று ஒரு சொல் இல்லை. எஸ்டிசிடபிள்யூ (கடலோடிகளின் பயிற்சி, சான்று பற்றிய சர்வதேச உடன்படிக்கை) விதிகள் உங்களுக்கு மனப்பாடம். அவற்றை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். சிறிய கப்பலில் செய்த கடற்பணியில் எவ்வளவு எண்ணப்படும் என்பதை, அடுத்த சான்றுக்கான கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள்.

1969 அளவீட்டு உடன்படிக்கைப்படி ஜிடி என்பது எடையல்ல. கப்பலின் மூடிய இடங்களின் கன அளவிலிருந்து வரும் எண். அது 500ஐத் தொட்டால் சோலாஸின் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) பல விதிகள் வந்து சேரும். சாதனமும் செலவும் கூடும். அதனால் வரைபட மேசையிலேயே கப்பலை 499-இல் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தத் தெரிந்தவருக்குப் பாராட்டு, ஓட்டுகிறவருக்குத் தண்டனை. 28 மீட்டர் டக் (இழுவைக் கப்பல்) ஒன்று 300 ஜிடியைத் தாண்டாமலே 60 டன் பொல்லார்டு புல்லோடு (இழுவிசை) பெரிய கன்டெய்னர் கப்பலைத் திருப்பி பெர்த்தில் (துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம்) அணைக்கிறது. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறை) மாஸ்டரும் (கேப்டன்) மேட்டும் (அவருக்கு அடுத்த அதிகாரி) மட்டும், ஆறு மணி நேரத்துக்கு ஆறு மணி நேரம் மாற்றி வாட்ச் (பணிமுறை). இந்த அனுபவம் எந்தக் கணக்கில் சேரும்?

துறைமுக எல்லைக்குள்ளேயே ஓடும் கலம் 'கடல் செல்லும் கப்பல்' ஆகாது என்பது எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கையின் வரையறை. அதில் தகராறு இல்லை. ஆனால் அதே டக் பார்ஜை (சரக்கேற்றும் தட்டைப் படகு) இழுத்துக்கொண்டு எண்ணூரிலிருந்து காக்கிநாடா போன நாட்களும், பணிச் சான்றில் 'ஹார்பர் டக்' என்று இருப்பதால் சேர்ந்தே கழிக்கப்படுகின்றன. லாக் புக்கை (கப்பலின் பயணக் குறிப்பேடு) புரட்டினால் அந்த நாட்கள் தேதியோடு இருக்கும். புரட்டத்தான் ஆளில்லை. 300 ஜிடிக்குக் குறைந்த சரக்குக் கப்பலுக்கு ஐஎம்ஓ எண்ணை (கப்பலின் நிரந்தர அடையாள எண்) சோலாஸ் கட்டாயமாக்கவே இல்லை. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் கோப்பு திரும்புகிறது.

500க்கு மேல் வேலை வேண்டுமென்றால் சான்றிதழ் கேட்கிறார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் 500க்கு மேல் பணி கேட்கிறீர்கள். நடுவில் உள்ள வழி, மாஸ்டராக இருந்தவர் பெரிய கப்பலில் ஏபியாக (டெக் மாலுமி) சைன் ஆன் செய்து (பணியில் சேர்ந்து) பாதிச் சம்பளத்தில் டெக் கழுவுவது. இதற்கிடையே இரண்டு வருட மெடிக்கல் முடிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளும் கெடு தாண்டும். பிறகு அதற்காகவும் ஒரு வரியில் பதில் வரும். கப்பல் துறையில் நாம் உலகுக்கு வழிகாட்டுகிறோம் என்று மேடைதோறும் கேட்கிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக் கணக்குச் சொல்வது முடியாத காரியமல்ல. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதியில் அது அச்சிலேயே இருக்கிறது. பெரிய கப்பல் உரிமத்துக்குத் தேவையான பணிக்காலத்தில் குறைந்தது 25 சதவீதத்தைச் செய்த அதிகபட்ச டன்னேஜ், அல்லது குறைந்தது 50 சதவீதத்தைச் செய்த அதிகபட்ச டன்னேஜின் ஒன்றரை மடங்கு, இரண்டில் பெரியதே அந்த உரிமத்தின் உச்சவரம்பு. ஆயிரத்தின் மடங்காக மேலே ஏற்றிக்கொள்வார்கள். 2,000க்குக் கீழே போகாது. 10,000ஐத் தொட்டால் வரம்பே கிடையாது. பென்சிலும் காகிதமும் இருந்தால் விண்ணப்பிப்பவரே போட்டுப் பார்க்கலாம். அந்தச் சதவீதம்தான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. உங்கள் சதவீதம் எது என்று சொல்லுங்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 500க்குக் குறைந்த பணியை எண்ணும் விகிதத்தை வெளியிடவும், துறைமுக எல்லை தாண்டிய பயணங்களை லாக் புக் நகலைக் கொண்டு ஏற்கவும், கோர்ஸுக்கு முன்பே பணிக்காலத்தைச் சரிபார்த்து எழுத்தில் பதில் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம். நிராகரிப்பதானாலும் எத்தனை மாதம் குறைகிறது என்ற எண்ணையாவது அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோரக் கப்பல்களின் டெக் அதிகாரிகள் சிலர்