பாப்பாவுக்கு: ஏஜென்சியா, மீடியா கம்பெனியா?

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய இரண்டு ஆஃபர் லெட்டரையும் பொறுமையாகப் படித்தேன். டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி கொஞ்சம் கூடுதலாகத் தருகிறது, மீடியா கம்பெனி கொஞ்சம் குறைவாகத் தருகிறது. "இதுல எதுப்பா நல்ல கம்பெனி?" என்று கேட்டிருக்கிறாய். பத்திரிகையின் விளம்பரப் பிரிவிலேயே என் உத்தியோக காலம் போனதால் இரண்டு பக்கத்து ஆட்களோடும் பழகியிருக்கிறேன், தோன்றுவதை அப்படியே எழுதுகிறேன். கம்பெனி நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தக் கம்பெனிக்குக் காசு கொடுப்பது யார், எதற்காகக் கொடுக்கிறார் என்று பார். உன் சாயங்காலம் உன்னுடையதாக இருக்குமா, வேலை நிலைக்குமா, மூன்று வருஷம் கழித்து உன் கையில் என்ன தொழில் இருக்கும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஏஜென்சியை எடுத்துக்கொள். எங்கள் காலத்தில் விளம்பரம் கொண்டுவரும் ஏஜென்சிக்குப் பத்திரிகை 15 சதவீதம் கமிஷன் கொடுக்கும், அவர்கள் பிழைப்பு அதில் ஓடியது. அந்த முறை தேய்ந்துபோய் இப்போது பெரும்பாலும் மாதக் கட்டணம், இல்லையென்றால் மணிக் கணக்கு. அதாவது ஏஜென்சி விற்பது உன் நேரத்தை. அதனால்தான் டைம்ஷீட்டில் ஒரு நாளைக் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி எந்த கிளையண்டுக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்கிறார்கள். கிளையண்ட் கூடுதலாக ஒரு வேலை கேட்டால் மேனேஜரால் முடியாது என்று சொல்ல முடியாது, கட்டணமும் ஏறாது, அந்த மணி நேரம் உன் ராத்திரியிலிருந்துதான் போகும். நீ இப்போது இருக்கும் ஏஜென்சிக்காக மாசக் கடைசியில் ரிப்போர்ட் போட உட்கார்ந்திருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். விளம்பரத்துக்கு க்ளிக் ஏறியிருக்கிறது, கிளையண்டின் விற்பனை ஏறவில்லை, அதை முதல் பக்கத்தில் சொல்வதா ஏழாம் பக்கத்தில் சொல்வதா என்று உன் மேனேஜர் நடுராத்திரியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த கிளையண்ட் போய்விட்டால் உங்கள் டீமில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே ஆஃபர் கொடுத்த ஏஜென்சியிடம் கட்டாயம் கேள்: பெரிய கிளையண்ட் ஒருவர் மட்டும் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு? என்னிடம் எத்தனை கிளையண்ட் இருப்பார்கள்? நேரடியாகச் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் பதிலாக எடுத்துக்கொள்.

அந்த ஏஜென்சி பெரிய குழுமத்தைச் சேர்ந்தது, அதனால் பாதுகாப்பு என்று உன் சித்தப்பா சொன்னாராம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1864-ல் தொடங்கிய ஜே. வால்டர் தாம்சன் என்ற ஏஜென்சியின் பெயரைச் சொன்னால் விளம்பரத் துறையில் எழுந்து நிற்பார்கள். 2018-ல் அதை இன்னொரு ஏஜென்சியோடு சேர்த்தார்கள், அப்புறம் மறுபடியும் சேர்த்து, இப்போது விஎம்எல் என்ற பெயருக்குள் கரைந்துவிட்டது. ஆம்னிகாம் என்ற விளம்பரக் குழுமம் இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு விளம்பரக் குழுமத்தை வாங்கி முடித்தது 2025 நவம்பரில். இரண்டு பெரிய குழுமங்கள் ஒன்றாகும்போது ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருப்பார்கள், ஒருவர் போக வேண்டியிருக்கும். பெரிய பெயர் உன் பயோடேட்டாவுக்கு உதவும், அது உண்மை, அதற்கு மேல் அதை நம்பாதே.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ஜப்பானின் டென்ட்சு ஏஜென்சியில் இணைய விளம்பரப் பிரிவில் இருந்த 24 வயதுப் பெண் 2015 கடைசியில் உயிரை மாய்த்துக்கொண்டாள். மாதத்துக்கு 100 மணி நேரத்துக்கும் மேல் ஓவர்டைம் பார்த்திருக்கிறாள். வேலைப்பளுதான் காரணம் என்று அங்கே அரசு அதிகாரிகளே ஏற்றுக்கொண்டார்கள், கம்பெனித் தலைவர் பதவி விலகினார், 2017-ல் நீதிமன்றம் கம்பெனிக்கு விதித்த அபராதம் வெறும் 5 லட்சம் யென். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீயும் அதே வேலைதான் செய்கிறாய், உனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். எந்த வேலையில் இருந்தாலும் சரி, தூங்க முடியவில்லை என்றால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. வேலையை விட்டுவிட்டு வா, மற்றதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

மீடியா கம்பெனி என்றால் இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடாதே. அங்கே காசு கொடுப்பவர் வேறு, அவ்வளவுதான். வருமானம் முழுக்க விளம்பரம் என்றால், வாசகர்கள் வருவது கூகுளிலிருந்தும் ஃபேஸ்புக்கிலிருந்தும் என்றால், அந்தக் கம்பெனியின் உண்மையான முதலாளி வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறார். ஃபேஸ்புக்கில் இனி வீடியோதான் ஓடும் என்று நம்பி எத்தனையோ மீடியா கம்பெனிகள் எழுதுகிறவர்களை அனுப்பிவிட்டு வீடியோ ஆட்களை எடுத்தன. 2016-ல் ஃபேஸ்புக்கே சொன்னது, மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருஷமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று. வேலை போனவர்களுக்கு அதனால் வேலை திரும்பிவிடவில்லை. பஸ்ஃபீட் நியூஸ் என்ற இணையச் செய்தித் தளம் 2021-ல் பத்திரிகைத் துறையின் பெரிய பரிசான புலிட்சர் வாங்கியது, 2023-ல் மூடினார்கள். நல்ல வேலை செய்தும் மூடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

ஆனால் வாசகரே சந்தா கட்டும் இடம் வேறு மாதிரி. நியூயார்க் டைம்ஸ் 2011-ல் இணையத்தில் கட்டணம் வைத்தபோது ஓசியில் படித்துப் பழகியவர்கள் யார் கட்டுவார்கள் என்று பேசியவர்கள் ஏராளம். அடுத்த வருஷமே விளம்பரத்தைவிட வாசகர்களிடமிருந்து வந்த காசு அதிகமாகிவிட்டது, இன்று சந்தாதாரர்கள் 1 கோடிக்கும் மேல். அப்படிப்பட்ட இடத்தில் மார்க்கெட்டிங் ஆளின் வேலை க்ளிக் வாங்கித் தருவதோடு முடியாது. போன மாதம் சந்தா கட்டியவர் இந்த மாதம் ஏன் நிறுத்தினார், எந்தக் கட்டுரையைப் படித்த பிறகு கட்டினார், புதுப்பிக்கும் நாளுக்கு முன்னால் அவருக்கு என்ன அனுப்பலாம் என்று ஒரே வாசகர் பின்னால் வருஷக்கணக்காகப் போவாய். ஏஜென்சியில் அது கிடைப்பது கஷ்டம், நீ புரிந்துகொள்வதற்குள் கிளையண்ட் மாறிவிடுவார்.

உன் தொழிலைப் பற்றி எனக்குள்ள கவலையும் இதுதான். விளம்பரம் யாருக்குப் போக வேண்டும், எவ்வளவுக்கு ஏலம் கேட்க வேண்டும் என்று நீ கையால் செய்து பழகியதையெல்லாம் கூகுள் 2021-லிருந்து பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்று தானாகவே செய்கிறது, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனி அட்வான்டேஜ் பிளஸ் என்று செய்கிறது. 2021-ல் ஆப்பிள், ஐபோனில் இருப்பவரை எந்த ஆப்பும் அனுமதி கேட்காமல் பின்தொடரக் கூடாது என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தது, அடுத்த ஒரு வருஷத்தில் அதனால் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொல்ல வேண்டி வந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலைமை. விளம்பரத் தளத்தில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது எத்தனை நாளைக்குச் சோறு போடும்? மனுஷர்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள், எதற்கு நிறுத்துகிறார்கள் என்று தெரிந்தவளுக்கு எந்தத் தளம் மாறினாலும் வேலை இருக்கும்.

ஊழியர்கள் தங்கள் கம்பெனிக்கு நட்சத்திரம் கொடுக்கும் கிளாஸ்டோர் தளத்தில் ஏஜென்சிக்கு நாலே கால், மீடியா கம்பெனிக்கு மூன்றரை என்று எழுதியிருந்தாய். சராசரியை விட்டுவிடு. ஒரே வாரத்தில் வந்த ஐந்து நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டு இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படி, அதிலும் உன் டிபார்ட்மென்ட் ஆட்கள், கடைசி ஒரு வருஷத்தில் எழுதியது. சேல்ஸ் ஆட்களின் புகாரும் உன் வேலையும் வேறு வேறு. அதைவிட நல்ல வழி, லிங்க்ட்இனில் இதே பதவியில் முன்னால் இருந்தவர்களைத் தேடி, எத்தனை மாதம் தாக்குப்பிடித்தார்கள் என்று பார், இரண்டு பேருக்கு மரியாதையாக மெசேஜ் போடு. வெளியே வந்தவர்கள் நீ நினைப்பதைவிட நிறையச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், நீ ஏஜென்சியில் மூன்று வருஷம் இருந்துவிட்டாய். வேகம், பல தொழில்களைப் பார்க்கும் வாய்ப்பு, கிளையண்ட் முன்னால் நடுங்காமல் பேசுவது, அங்கே கிடைக்க வேண்டியது உனக்குக் கிடைத்துவிட்டது. முதல் வேலை தேடுகிறாய் என்றால் நானே ஏஜென்சிக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது என் மனசு மீடியா கம்பெனி பக்கம் சாய்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. வருமானத்தில் சந்தா எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று கேள். காசு வாங்கிப் போடும் கட்டுரையில் அது விளம்பரம் என்று தெளிவாகப் போடுகிறார்களா என்று அவர்கள் தளத்திலேயே போய்ப் பார், வாசகரை ஏமாற்றுகிறவர்கள் உன்னிடம் நேர்மையாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்காதே. இந்த இடம் ஏன் காலியானது என்றும் கேள். சந்தா வருமானம் பேருக்கு மட்டும்தான் என்று தெரிந்தால் ஏஜென்சியையே எடு, சம்பளமாவது கொஞ்சம் கூடலாம்.

ஏஜென்சி லெட்டரில் ஒன்பதாவது பத்தியை நீ கவனித்தாயா தெரியவில்லை. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு "செயல்பாட்டைப் பொறுத்து" என்றிருக்கிறது, யார் எதை வைத்து அளப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கழித்துவிட்டால் இரண்டு சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று மாத நோட்டீஸ் வேறு, விலகினால் ஒரு வருஷம் அவர்கள் கிளையண்டிடம் வேலை செய்யக் கூடாதாம். எச்.ஆரிடம் இதற்கெல்லாம் மெயிலிலேயே பதில் வாங்கு, போனில் சொன்னால் போதாது. வந்ததும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
அப்பா