பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து வருகிறேன். கார் ஸ்டீரியோவுக்கு ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர் பொருத்தும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறையைக் கார் வைத்திருப்பவர்களும் கடைக்காரர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு குடும்பத்தினர் பழனிக்குப் போய்த் திரும்பும் வழியில் காருக்குள் கருகல் வாடை வீசவே, வண்டியை ஓரங்கட்டி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மறுநாள் கட்டி இழுத்து என் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். முன் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து டிக்கியில் உள்ள ஆம்ப்ளிபயருக்குப் போகும் தடித்த சிவப்பு வயர், சீட்டை இறுக்கும் இரும்புச் சட்டத்தின் அடியில் நசுங்கி, உறை கிழிந்து, உள்ளிழைகள் வண்டி குலுங்கும்போதெல்லாம் இரும்பில் பட்டுப் பட்டு விலகியிருந்தன. அங்கிருந்து எஞ்சின் பக்கம் வரை உறை இளகிக் கார்பெட்டின் அடிப்பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பஞ்சு கருகியிருந்தது. அந்தச் சீட்டுக்குப் பின்னால்தான் பாட்டி பேரக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்து வந்தாராம். மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள்.

பானட்டைத் திறந்தால், அந்த வயர் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் நேராக முடுக்கப்பட்டிருந்தது. இடையில் பியூஸ் இல்லை. “ஆம்ப்ளிபயரிலேயே இரண்டு பியூஸ் இருக்கிறதே?” என்று உரிமையாளர் கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் ஆம்ப்ளிபயருக்குள் கோளாறு வந்தால் மட்டுமே உதவும். பேட்டரிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையில் பதினைந்து அடி ஓடும் வயர் நடுவில் எங்கேனும் பாடியில் பட்டுவிட்டால், மின்சாரம் அந்தப் பியூஸை எட்டுவதற்கு முன்பே, பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்துள்ள பாடி இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. 12 வோல்ட் பேட்டரியைக் கையால் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் அதைச் சாதுவாகக் கருதுகிறோம். ஆனால் ஷார்ட் ஆகும்போது அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது. ஆகவே பேட்டரி முனையிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது ஒரு முழத்துக்குள், ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் அளவை ஆம்ப்ளிபயர் அட்டைப் பெட்டியில் உள்ள வாட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், வயர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நல்ல செம்பு வயரானால் 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 ஆம்பியர் என்ற அளவை நான் தாண்டுவதில்லை (கேஜ் எண் குறைந்தால் வயர் தடிமன் கூடும்).

வயரின் தடிமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் 230 வோல்ட்டில் 400 வாட் என்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. காரில் எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் சுமார் 14 வோல்ட்டில், உண்மையாகவே 400 வாட் வெளியிடும் ஆம்ப்ளிபயர், தன்னுள் வீணாகும் சூட்டையும் சேர்த்து, 35 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மலிவு விலை வயர் கிட்டுகளில் பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினிய வயரே வருகிறது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதே மின்சாரத்துக்கு அது செம்பைவிடக் கூடுதலாகச் சூடாகும். அதைப் போட்டே ஆக வேண்டுமானால் தடிமனைக் கூட்டிப் போட வேண்டும். ஆம்ப்ளிபயரைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் வயரையும் அதே தடிமனில், குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய வெற்றுத் தகட்டில் முடுக்க வேண்டும். வயர் எஞ்சின் அறைத் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், தகட்டின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும்.

ஸ்பீக்கர் பக்கம் நடக்கும் தவறால் தீ பிடிப்பது அரிது, பணம்தான் போகும். பழைய கேசட் செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரைப் பாடியில் இணைக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலும் மின்னழுத்தம் இருப்பதால், அப்படி இணைத்தால் செட்டுக்குள் ஒலியைப் பெருக்கும் ஐசி சில்லு போய்விடும். பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் ஸ்பீக்கர் கெடாது, ஆனால் பேஸ் எனும் அடித்தொனி செத்துவிடும். ஒன்றரை வோல்ட் பேட்டரி செல்லை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால், இணைப்பு சரியாக இருக்கும்போது கூம்பு வெளியே துள்ளும். என்னிடம் “சத்தம் போதவில்லை, ஆம்ப்ளிபயர் போடுங்கள்” என்று வந்தவர்களில் சிலருக்கு இந்த ஒரு திருத்தமே போதுமானதாக இருந்தது.

ஆம்ப்ளிபயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செட்டின் முகப்பில் 50 வாட் என்று நான்கு ஸ்பீக்கருக்கும் அச்சிட்டிருந்தாலும், பேட்டரி மின்சாரத்தை மட்டும் கொண்டு அது தொடர்ந்து தருவது ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 20 வாட்தான். நெடுஞ்சாலை இரைச்சலில் பாட்டைத் தெளிவாகக் கேட்க விரும்புகிறவருக்கு அது போதாது என்பது நியாயமே. ஆனால் பல்லாயிரம் ரூபாய்க்கு ஆம்ப்ளிபயரும் சப்வூஃபரும் விற்கும் கடைகள், சில நூறு ரூபாய் பியூஸையும் அதன் கூட்டையும் மிச்சப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைக்காரர்கள் பில்லில் பியூஸின் ஆம்பியரையும் வயரின் கேஜையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே ஆம்ப்ளிபயர் பொருத்தியுள்ள வாசகர்கள் இன்றே பானட்டைத் திறந்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் கூடுதல் வயரைக் கையால் தொடர்ந்து பாருங்கள். ஒரு முழத்துக்குள் பியூஸ் தென்படாவிட்டால், அந்த வயரைக் கழற்றி நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிட்டு, பியூஸ் போடும் வரை பாட்டில்லாமல் வண்டி ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
ஈரோடு.