துமா உறுப்பினர்களுக்கு: அந்தச் சட்ட வரைவைக் கிடப்பிலிருந்து எடுங்கள்

ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான துமாவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களைப் படித்து வளர்ந்த ஒருத்தி எழுதுகிறேன். 2019 நவம்பரில் உங்கள் மேலவை வெளியிட்ட குடும்ப வன்முறைத் தடைச் சட்ட வரைவின் கதி உங்களுக்கே தெரியும். மேற்கிலிருந்து வந்த சரக்கு, ரஷ்யக் குடும்பத்தைக் குலைத்துவிடும் என்று சிலர் கூச்சல் போட்டார்கள், அதோடு வரைவு கிடப்புக்குப் போய்விட்டது. தயவுசெய்து அதை எடுத்து நிறைவேற்றுங்கள்.

2017 ஜனவரியில் 380 பேர் ஆதரித்து, வெறும் 3 பேர் எதிர்த்து ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்களே, அதன்படி வீட்டில் அடித்தால், பெரிய காயம் இல்லை, முதல் தடவைதான் என்றால் அது குற்றவியல் வழக்கே ஆகாது. பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும், 5,000 ரூபிளிலிருந்து 30,000 வரை. அந்தப் பணத்தைக் கணவன் எங்கிருந்து கட்டுவான்? வீட்டுச் செலவுக்கு வைத்திருப்பதிலிருந்துதானே! அடி வாங்கியவளே பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், அடுத்த தடவை அவள் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போவாளா? அதே ஆண்டு டிசம்பரில் மாஸ்கோ பக்கத்துச் செர்புகோவ் நகரில் ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் கணவன் கோடரியால் வெட்டினான். முந்தைய மாதம்தான் அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கத்தியைக் காட்டி மிரட்டியிருந்தான், அவளும் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். அவன் அவளோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு போட உங்கள் சட்டத்தில் வழியில்லை. 2019 வரைவு அந்த வழியைத்தான் கொண்டுவர இருந்தது.

சரி, மேற்கத்தியச் சரக்கு என்ற பேச்சுக்கு வருகிறேன். 1860களில் மரியா த்ருப்னிகோவா, அன்னா ஃபிலோசோஃபோவா, நாதெஷ்தா ஸ்தாசோவா மூவரும் பெண்களுக்கு உயர்கல்வி கேட்டு நின்றபோது ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் பாராட்டிக் கடிதம் எழுதினார், உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் பீட்டர்ஸ்பர்க் பெண்கள். 1878இல் அங்கே பெண்களின் உயர்கல்விக்கான பெஸ்துஷெவ் வகுப்புகள் தொடங்கியதற்குப் பின்னால் இருந்ததும் அவர்கள் உழைப்பு. பண்ணையடிமையாக இருந்தவரின் மகள் நாதெஷ்தா சுஸ்லோவா 1867இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் மருத்துவப் பட்டம் வாங்கினார், அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண்ணே அவர்தான். அப்புறம் மற்ற நாட்டுப் பெண்களும் அங்கே படிக்க வந்தார்கள் என்றால், யார் யாருக்கு வழி காட்டினார்கள்? அங்கே படித்த ரஷ்ய மாணவிகளை 1873இல் ஜார் மன்னரின் அரசு ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பழித்து, சூரிச்சை விட்டு வராவிட்டால் ரஷ்யாவில் தேர்வும் கிடையாது வேலையும் கிடையாது என்று ஆணை போட்டது. இன்று நீங்கள் பேசுவதும் அதே பேச்சுதான், அதைக் கேட்கக் கோபம் வருகிறது.

1917 மார்ச்சில் சுமார் 40,000 பெண்கள் அன்றைய துமா இருந்த தவ்ரீதா அரண்மனைக்கு ஊர்வலமாகப் போய் வாக்குரிமை கேட்டார்கள். சில மாதங்களிலேயே கிடைத்தது, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் முன்பே. உங்கள் நாட்டுப் பெண்களின் சொந்த வரலாறு இது. இதை அந்நியம் என்று சொல்லி அவர்களை அடிக்கு விட்டுவிடாதீர்கள்.

வரைவை எடுங்கள். பாதுகாப்பு உத்தரவுப் பிரிவைப் பலப்படுத்தி இந்தக் கூட்டத்தொடரிலேயே வாக்கெடுப்புக்கு வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகி