ஒப்புதல் கொடுத்தது 208 பக்கம், அச்சாகி வந்தது 176 பக்கம்

அனுப்புநர்:
நூலாசிரியர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
மேலாளர்,
நூல் வெளியீட்டுச் சேவை நிறுவனம், சென்னை.

பொருள்: ஒப்புதல் பெற்ற பக்கங்களை மாற்றி அச்சிட்டது குறித்தும், 300 பிரதிகளையும் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டுத் தரக் கோரியும்.

ஐயா,

வணக்கம். பண்ருட்டி வட்டார முந்திரி விவசாயிகளைப் பற்றிய என் நூலை உங்கள் 'தொழில்முறைத் தரம்' திட்டத்தில் 300 பிரதிகள் அச்சிட ரூ. 62,000 கட்டினேன். டெம்மி என்ற நூல் அளவு, 208 பக்கம், 70 ஜிஎஸ்எம் எடையில் இளமஞ்சள் நிற (நேச்சுரல் ஷேடு) மேப்லித்தோ தாள், தைத்த பைண்டிங், என் சொந்தப் பதிப்பகப் பெயர். நாம் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இவ்வளவும் இருக்கின்றன. அச்சுக்கு முன் சரிபார்க்கத் தந்த கடைசி மெய்ப்பைப் பக்கம் பக்கமாகப் படித்து ஒப்புதல் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு புத்தகம் இருக்கிறது. எழுதியது நான்தான், ஆனால் நான் ஒப்புக்கொண்ட பக்கங்களில் ஒன்றுகூட அப்படியே அச்சாகவில்லை.

முதலில் பக்க எண்ணிக்கை. டெம்மியில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் தொகுதி, என்பது 16 பக்கம். 208 பக்கம் 13 ஃபாரம், 176 பக்கம் 11 ஃபாரம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு ஃபாரம் தாளை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அதற்காக எழுத்தளவை 12 பாயிண்டிலிருந்து 11 ஆக்கி, வரி இடைவெளியை 16 பாயிண்டிலிருந்து 14க்கு இறக்கி, எழுத்துருவையும் மாற்றியிருக்கிறீர்கள். நான் அளந்து பார்த்த பிறகுதான் உங்கள் வடிவமைப்பாளர் போனில் இதை ஒப்புக்கொண்டார். நூலில் உள்ள மற்றக் கேடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரியத்திலிருந்து வந்தவை.

பொருளடக்கத்தை நீங்கள் திருத்தவே இல்லை. கடைசி அத்தியாயம் 189ஆம் பக்கம் என்று அதில் இருக்கிறது. நூலோ 176ஆம் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில், அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று பேசியிருந்தோம். இப்போது பாதிக்கு மேல் இடப்பக்கத்தில் தொடங்குகின்றன. இரண்டு இடங்களில் பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கிறது. 208 பக்கத்துக்குக் கணக்கிட்ட முதுகு அகலத்துக்கே அட்டையை அச்சிட்டு, அதை 176 பக்கத்தின் மேல் ஒட்டியதால், முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைப் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் விலகல் சின்னதுதான். ஆனால் அலமாரியில் அடுக்கிய நூலில் வாசகர் முதலில் பார்ப்பது முதுகைத்தான்.

எழுத்துகளுக்கு நேர்ந்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. படத்துக்குக் கீழே வரும் குறிப்புகளிலும் பெட்டிச் செய்திகளிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கிறது. நான் அனுப்பியது ஒருங்குறி (யூனிகோடு) கோப்பு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காத பத்திகளில் இப்படித்தான் கொம்பு இடம் மாறும். மெய்ப்பில் சரியாக இருந்தது, அவசரமாகப் புதிதாக வரைந்த பெட்டிகளில் கெட்டுப்போயிருக்கிறது. உள்பக்கங்களில் வரி உடைப்பு இன்னும் மோசம். 'தோட்டத்தி' என்று ஒரு வரி முடிகிறது, அடுத்த வரி 'ல்' என்று தொடங்குகிறது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக்கூடாது என்பது, ஈய எழுத்தைக் கையால் பொறுக்கி அச்சுக்கோத்த காலத்திலிருந்தே தமிழ் அச்சகங்களில் எல்லோரும் அறிந்த விதி. தொழில்முறைத் தரம் என்று விலை சொல்லி விற்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

இவற்றைவிட என்னை அதிகம் பாதித்தது அரை என்ற குறி. எழுத்துரு மாறியபோது ½ என்ற குறி நூல் முழுக்கக் காணாமல் போய்விட்டது. எங்கள் பக்கம் நிலத்தைக் காணிக் கணக்கில் சொல்வார்கள். 1½ காணி முந்திரித் தோப்பு வைத்திருந்தவர் உங்கள் நூலில் 1 காணிக்காரர் ஆகிவிட்டார். ½ காணி மட்டுமே வைத்திருந்த ஒரு அம்மாவின் பெயருக்கு எதிரே வெறும் 'காணி' என்று இருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. காடாம்புலியூரிலும் முத்தாண்டிக்குப்பத்திலும் தாத்தா வைத்த மரங்களைப் பேரன்கள் ஒரே காலையில் இழந்தார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு போனது என்று கேட்டுக் கேட்டு எழுதிய கணக்கு அது. நிவாரணப் பட்டியலில் தங்கள் நிலம் குறைத்துக் காட்டப்பட்டது என்று மனம் நொந்து சொன்னவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த நூலை எப்படிக் கொடுப்பேன்?

படங்களும் அவர்கள் கொடுத்தவைதான். வேரோடு சாய்ந்த பலா மரங்கள், தோப்பு இருந்த இடத்தில் தெரியும் வெறும் வானம், அப்புறம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுகளை வைத்து மறுபடி தொடங்கிய தோப்புகள். ஒவ்வொன்றையும் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். கணினித் திரையில் பார்ப்பதற்காகச் சுருக்கிய பிடிஎஃப் கோப்பையே அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று படங்களைப் பார்த்ததும் தெரிகிறது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கின்றன.

இதையெல்லாம் போனில் சொன்னபோது உங்கள் அலுவலர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "உள்ளூர்ல போற புத்தகம்தானே மேடம், இவ்ளோ யாரு பாக்கப் போறாங்க?" பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டிய விவசாயிகள். கண்ணாடி போட்டு, வரியின் மேல் விரல் வைத்துப் படிப்பவர்கள். அவர்களுக்காகத்தான் 12 பாயிண்ட் எழுத்தும் தாராளமான இடைவெளியும் வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டேன். பெரிய பதிப்பகத்தில் வந்தாலும் எழுதியவரே காசு போட்டு அச்சிட்டாலும் படிக்கிறவருக்கு அது ஒரே புத்தகம்தான். சொந்தமாக வெளியிடுகிறவரின் நூல் கொஞ்சம் மட்டமாக இருந்தால் பரவாயில்லை என்று நீங்கள் நினைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது ஐஎஸ்பிஎன் என்ற, நூலுக்கான சர்வதேச அடையாள எண். இதற்கென்று தனியாக ரூ. 3,000 வாங்கினீர்கள். இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. அது கட்டணம் எதுவும் வாங்குவதில்லை, தன் நூலைத் தானே வெளியிடும் எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்துக் கொடுக்கும் வேலைக்குக் கூலி என்றால்கூட, சரி, பேசிக்கொள்ளலாம். ஆனால் எண்ணை உங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கி, ஏட்டில் உங்களையே பதிப்பாளர் ஆக்கியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தில் என் பதிப்பகப் பெயர் இருக்கிறது. அரசு நூலகங்கள் நூல் வாங்கத் தரும் நூலக ஆணைக்கு நாளை நான் விண்ணப்பித்தால், என் சொந்த நூலுக்கு நான் யார் என்று கேட்பார்கள்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தது அங்கேயே இருக்கும். காணிக் கணக்கு தப்பான இந்தப் பிரதியை எந்த நூலகத்துக்கும் அனுப்பாதீர்கள்.

சென்னைப் புத்தகக் காட்சியில் தன் அரங்கில் என் நூலை வைப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த வாய்ப்பு போய்விட்டது, அதற்கு நான் இழப்பீடு கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஒப்புதல் பெற்ற அதே 208 பக்கக் கோப்பிலிருந்து, ஒப்பந்தத்தில் உள்ள தாளில், 300 பிரதிகளை உங்கள் செலவில் மறுபடி அச்சிட்டுத் தர வேண்டும். முழுவதும் அச்சாகும் முன் ஒரு மாதிரிப் பிரதி, தைத்து அட்டை போட்ட நிலையில், என் கைக்கு வர வேண்டும். ஐஎஸ்பிஎன்னை என் பதிப்பகப் பெயரில் நானே வாங்கிக்கொள்கிறேன், ரூ. 3,000 திரும்ப வர வேண்டும். உங்கள் எண்ணில் இணையக் கடைகளில் போட்டிருக்கும் விற்பனைப் பதிவுகளை உடனே நீக்க வேண்டும். என்னிடம் இருக்கும் பெட்டிகளை உங்கள் செலவில் எடுத்துச் செல்லுங்கள், ஒரு பிரதியைக்கூட நான் வெளியே கொடுக்கவில்லை. மறு அச்சு முடியாது என்றால் ரூ. 62,000, ஐஎஸ்பிஎன் கட்டணம் இரண்டையும் திருப்பிக் கொடுத்து, வடிவமைத்த கோப்பையும் என்னிடம் ஒப்படையுங்கள். கடலூரிலேயே நல்ல அச்சகங்கள் இருக்கின்றன, நான் அங்கே அடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஒப்பந்தம், ஒப்புதல் கொடுத்த மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றின் நகல்களையும், பிழையான பக்கங்களை மெய்ப்புப் பக்கங்களோடு அருகருகே வைத்து எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நூலாசிரியர்
கடலூர்